ஓடுபாதைக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள்: பழைய கருவிகளுக்கு விடைகொடுக்க முடியுமா?

கனடாவின் மாண்ட்ரியல் நகர மையத்தில், ராபர்ட்-புராசா சாலையில் அமைந்திருக்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம். ஐகாவோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஐ.நா. நிறுவனம் விமானங்களை இயக்குவதில்லை. விமான நிலையங்களையும் நடத்துவதில்லை. ஆனால் எந்த நாட்டு விமானமும் எந்த நாட்டு ஓடுபாதையிலும் ஒரே முறையில் தரையிறங்குவதற்கான தரநிலைகள் இங்குதான் வகுக்கப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலிருந்து உலகெங்கும் பயன்பட்டுவரும் தரையிறக்கக் கருவி முறைக்கு மாற்றாக வேறொன்றைக் கொண்டுவரும் முயற்சிகளும் இதே நகரில்தான் விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றில் மிக அதிக எதிர்பார்ப்பை ஏற்படுத்தியிருப்பது செயற்கைக்கோள்களின் துணையுடன் விமானத்தை ஓடுபாதை வரை இட்டுச்செல்லும் முறை. அம்முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவும் அவற்றில் ஒன்று. ஆனால் பழைய முறையை முற்றாகக் கைவிடலாமா என்ற கேள்விக்கு அண்மைய ஆண்டுகளின் அனுபவங்கள் எச்சரிக்கையான பதிலையே தருகின்றன.

ஐ.எல்.எஸ். எவ்வாறு செயல்படுகிறது?

தை மாதப் பிறப்புக்கு முந்தைய நாள் அதிகாலையில் சென்னைக்கு விமானத்தில் வந்திறங்கிய பலருக்கு இந்தப் பிரச்சினை அனுபவத்தில் தெரிந்திருக்கும். மார்கழிப் பனியோடு போகிப் புகையும் சேர்ந்துகொள்ள, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை வரவேண்டிய விமானங்கள் பல தாமதமாயின. சில வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

இத்தகைய வேளைகளில் விமானிக்குக் கைகொடுப்பது இன்ஸ்ட்ருமெண்ட் லேண்டிங் சிஸ்டம் எனப்படும் ஐ.எல்.எஸ். கருவித் தொகுதி. ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் நிறுவப்பட்டுள்ள ஓர் அலைபரப்பி, விமானம் ஓடுபாதையின் மையக்கோட்டுக்கு இடப்புறம் விலகியிருக்கிறதா வலப்புறம் விலகியிருக்கிறதா என்பதைக் காட்டுகிறது. விமானம் தரைதொடும் இடத்தின் அருகே இருக்கும் மற்றோர் அலைபரப்பி, ஏறக்குறைய மூன்று பாகைச் சரிவில் இறங்கும் பாதையைக் காட்டுகிறது. இரண்டு சமிக்ஞைகளும் விமானியின் எதிரிலுள்ள ஒரே கருவியில் தெரிகின்றன.

இதன் அடிப்படை வகையில், விமானம் தரையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் உயரம் வரை இறங்கி வரலாம். அந்த உயரத்திலும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லை என்றால், விமானி மீண்டும் மேலெழும்பிவிட வேண்டும். மேம்பட்ட வகைகளில், ஏறக்குறைய எதுவும் தெரியாத மூடுபனியிலும் தானியங்கிக் கருவியே விமானத்தை இறக்கிவிடும்.

ஆனால் இந்த முறைக்குச் சில குறைபாடுகள் உண்டு. ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிக் கருவித் தொகுதி வேண்டும். சரிவுப் பாதையைக் காட்டும் சமிக்ஞை தரையில் பட்டுத் தெறித்து உருவாவதால், அலைபரப்பியின் முன்னுள்ள நிலம் சமதளமாக இருக்க வேண்டும். கனடா போன்ற நாடுகளில் அங்கு குவியும் பனியும் சமிக்ஞையைப் பாதிக்கும். அருகில் நிற்கும் விமானமும் வாகனமும்கூட அலைகளைத் திசைதிருப்பக்கூடும். பண்பலை வானொலி நிலையங்களின் அலைவரிசைகள் இதன் அலைவரிசைக்கு மிக அருகில் இருப்பது மற்றொரு சிக்கல். இவை தவிர, அளவீட்டுக் கருவிகள் பொருத்திய தனி விமானத்தைப் பறக்கவிட்டு, குறிப்பிட்ட கால இடைவெளியில் சமிக்ஞையைச் சரிபார்க்கவும் வேண்டும். செலவைத் தாங்க இயலாத சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் இக்கருவி நிறுவப்படாததற்கு இவையே காரணங்கள்.

கருவி இல்லாத நேரத்தில் என்ன நேரலாம் என்பதற்கு ஒரு துயரமான எடுத்துக்காட்டு 1997 ஆகஸ்ட் 6-ஆம் தேதி குவாம் தீவில் நிகழ்ந்த விபத்து. அங்கு சரிவுப் பாதையைக் காட்டும் கருவி பழுதுபார்ப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இரவில், மழைக்கு நடுவே இறங்கிய கொரியன் ஏர் விமானம் ஓடுபாதைக்கு முன்னுள்ள குன்றில் மோதியது. விமானத்திலிருந்த 254 பேரில் 228 பேர் உயிரிழந்தார்கள். விமானிகளின் தவறுகளும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. ஆனாலும், உயரத்தை வழிநடத்தும் சமிக்ஞை ஒன்று இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

இருமுறை மாறிய முடிவு

ஐ.எல்.எஸ். முறைக்கு மாற்றுத் தேடும் பணி 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1978 ஏப்ரலில் மாண்ட்ரியலில் கூடிய ஐகாவோ மாநாட்டில் கடும் போட்டி நிலவியது. பிரிட்டன் முன்வைத்த தொழில்நுட்பம் ஒருபுறம். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஆதரித்த தொழில்நுட்பம் மறுபுறம். வாக்கெடுப்பில் பின்னதே வென்றது. எம்.எல்.எஸ். எனப்பட்ட இந்த நுண்ணலைத் தரையிறக்க முறை 1998-ஆம் ஆண்டுக்குள் சர்வதேச விமான நிலையங்களில் பழைய முறையின் இடத்தைப் பிடித்துவிடும் என்று பின்னர் திட்டமிடப்பட்டது.

ஆனால் அதற்குள் வானிலேயே வேறொரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. 1983 செப்டம்பரில், வழிதவறிச் சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, தனது இராணுவத்துக்காக உருவாக்கி வந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் வழிகாட்டு முறையைச் சிவில் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 1994-இல், அதனை உலக விமானப் போக்குவரத்துக்குக் கட்டணமின்றி அளிக்க முன்வருவதாக ஐகாவோவிடம் முறைப்படி தெரிவித்தது.

இதன் விளைவாக 1995-ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் நடந்த மற்றொரு கூட்டத்தில், நுண்ணலை முறைக்கு மாறியே ஆகவேண்டும் என்ற திட்டம் கைவிடப்பட்டது. பழைய ஐ.எல்.எஸ். தொடரட்டும், செயற்கைக்கோள் முறை முதிர்ச்சியடையும்போது அதற்கு மாறிக்கொள்ளலாம் என்பதே அந்தக் கூட்டத்தின் முடிவின் சாரம். நுண்ணலை முறை லண்டன் ஹீத்ரோ போன்ற ஒரு சில இடங்களில் மட்டுமே பயன்பாட்டுக்கு வந்தது.

வானிலிருந்து வரும் திருத்தம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து, பெறும் கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. காரோட்டுபவருக்குச் சில மீட்டர் பிழை ஒரு பொருட்டல்ல. ஆனால் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு அந்தப் பிழையின் அளவு தெரிந்தாக வேண்டும். குறிப்பாக, செயற்கைக்கோள் முறையில் கிடைமட்டத் துல்லியத்தைவிட உயரக் கணக்கின் துல்லியம் குறைவாகவே இருக்கும்.

இந்தக் குறையைப் போக்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதல் வழியில், இருப்பிடம் மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட தரை நிலையங்கள் நாடெங்கும் அமைக்கப்படுகின்றன. ஜி.பி.எஸ். காட்டும் இடத்துக்கும் தங்களின் உண்மையான இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவை கண்டறிகின்றன. அந்தத் திருத்தங்கள் ஒரு மையத்தில் தொகுக்கப்பட்டு, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக விமானங்களுக்கு அனுப்பப்படுகின்றன. சமிக்ஞையை நம்பக்கூடாத நிலை ஏற்பட்டால் சில விநாடிகளுக்குள் எச்சரிப்பதும் இந்த அமைப்பின் கடமை. துல்லியத்தைவிட இந்த எச்சரிக்கையே முக்கியமானது எனலாம்.

அமெரிக்காவின் வாஸ் அமைப்பு இவ்வகையில் 2003 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்தது. கனடாவின் கேண்டர், கூஸ் பே, இகாலூயிட், வின்னிபெக் ஆகிய இடங்களிலும் அதன் தரை நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஐரோப்பாவின் எக்னாஸ் அமைப்பு 2011-இல் விமானப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. இவற்றின் துணையால், தரையில் எந்த அலைபரப்பியும் இல்லாத ஓடுபாதையிலும் 200 அடி உயரம் வரை இறங்கிவர இயலும். அதாவது, ஐ.எல்.எஸ். முறையின் அடிப்படை வகைக்கு இது இணையானது.

இரண்டாவது வழி விமான நிலையத்திலேயே திருத்த நிலையத்தை அமைப்பது. ஒரே நிலையம் அங்குள்ள எல்லா ஓடுபாதை முனைகளுக்கும் போதுமானது. ஜெர்மனியின் பிரேமன், ஃபிராங்ஃபர்ட், அமெரிக்காவின் நுவார்க், ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆகிய விமான நிலையங்கள் இதனை ஏற்றுக்கொண்டன. கடும் மூடுபனியிலும் தரையிறங்குவதற்கான அடுத்த கட்டம் இந்த வழியில்தான் எதிர்பார்க்கப்படுகிறது.

தமிழர் வாழும் பகுதியின் வான்

இந்திய விண்வெளி ஆய்வு மையமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து உருவாக்கிய அமைப்பின் பெயர் ககன். நாட்டின் 15 இடங்களில் இதன் தரை நிலையங்கள் உள்ளன. கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இருக்கிறது. இதன் கருவியைச் சுமந்து சென்ற ஜிசாட்-4 செயற்கைக்கோள் 2010 ஏப்ரலில் ஏவுகலனோடு கடலில் வீழ்ந்தது. 2011-இல் ஏவப்பட்ட ஜிசாட்-8, அதற்கடுத்த ஆண்டு ஏவப்பட்ட ஜிசாட்-10 ஆகியவற்றின் மூலம் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

ஆனால் ஏவுகலன் தோல்வியைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இந்திய வானிலேயே இருந்தது. பூமிக்கு மேலே சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை அதைக் கடந்து வரும்போது சற்றுத் தாமதமாகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்தத் தாமதம் பெரும்பாலும் சீராக இருப்பதால் அதனைக் கணித்துவிட முடிகிறது. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலோ நிலைமை வேறு. அங்கு அயனி மண்டலம் இடத்துக்கு இடம் வேகமாக மாறுபடுகிறது. சூரியன் மறைந்த பிறகு அதில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் தோன்றி, சமிக்ஞையை மினுமினுக்கச் செய்கின்றன. சில வேளைகளில் அறவே துண்டித்தும் விடுகின்றன.

இந்தக் காந்த நடுக்கோடு செல்வது தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான். கேரளத்தின் தும்பாவில் 1963-இல் ஏவுகணைத் தளம் அமைக்கப்பட்டதற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் நடத்துவதற்கும் இந்த அமைவிடமே காரணம். ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்த அதே வானம், விமானத்தைத் தரையிறக்க விரும்பும் பொறியாளர்களுக்குச் சோதனையாக அமைந்தது.

இந்தப் பகுதிக்கென்றே தனிக் கணித முறையை உருவாக்கிய பின்னர், 2015 ஏப்ரலில் ககன் அமைப்புக்கு உயர வழிகாட்டலுடன் கூடிய தரையிறக்கத்துக்கான சான்றிதழ் கிடைத்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இத்தகைய சான்று பெற்ற முதல் அமைப்பு இதுவே. 2022 ஏப்ரல் இறுதியில், இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். ரக விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் இந்த முறையைப் பயன்படுத்தித் தரையிறங்கியது. பெரிய நகரமொன்றின் பரபரப்பான ஓடுபாதை அல்ல, ஒரு சிறிய விமான நிலையம் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பொருள் பொதிந்தது. இந்த முறையால் உண்மையில் அதிகம் பயன்பெறக்கூடியவை இத்தகைய நிலையங்களே.

ஆயினும் சூரியனின் சீற்றத்திலிருந்து எந்த அமைப்பும் முழுமையாகத் தப்ப முடியாது. 2003 அக்டோபர் இறுதியில் ஏற்பட்ட சூரியப் புயலின்போது, அமெரிக்க அமைப்பின் உயர வழிகாட்டல் ஒரு நாள் சுமார் 15 மணி நேரமும், மறுநாள் சுமார் 11 மணி நேரமும் கிடைக்காமல் போனது. அமைப்பு தவறான தகவலைத் தரவில்லை. தன்னை நம்ப வேண்டாம் என்று சரியாகவே எச்சரித்தது. ஆனால் அந்த நேரத்தில் தரையிறங்க வேண்டிய விமானத்துக்கு வேறு வழி தேவைப்படுகிறது.

மனிதர்கள் ஏற்படுத்தும் குறுக்கீடு

சூரியனைவிடப் பெரிய கவலையாக இன்று உருவெடுத்திருப்பது மனிதர்கள் ஏற்படுத்தும் குறுக்கீடு. செயற்கைக்கோள் சமிக்ஞை தரையை வந்தடையும்போது மிகவும் வலுவிழந்திருக்கும். கைக்கு அடக்கமான ஒரு கருவியால்கூட அதை மூழ்கடித்துவிட முடியும். நுவார்க் விமான நிலையத்தின் திருத்த நிலையம் அடிக்கடி தடைபட்டதற்கான காரணத்தைத் தேடியபோது, அருகிலுள்ள நெடுஞ்சாலையில் செல்லும் வாகனங்களில் வைக்கப்பட்ட சிறிய ஜாமர் கருவிகள் சிக்கின. தான் எங்கே இருக்கிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அதை வாங்கி வைத்திருந்த ஓட்டுநர் ஒருவருக்கு 2013-இல் சுமார் 32,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அரசுகளும் இராணுவங்களும் செய்யும் குறுக்கீடு இதைவிடப் பன்மடங்கு பரந்தது. சமிக்ஞையை மூழ்கடிப்பது ஒரு வகை. போலிச் சமிக்ஞையை அனுப்பி, விமானம் வேறோர் இடத்தில் இருப்பதாகக் காட்டுவது மற்றொரு வகை. பின்னதே அதிக ஆபத்தானது. ஏனெனில், சமிக்ஞை இல்லாமற்போனால் விமானிக்கு உடனே தெரிந்துவிடும். பொய்யான சமிக்ஞை மெய்போலவே தோன்றக்கூடும்.

எஸ்டோனியாவின் டார்டு நகரத்துக்கு நேர்ந்தது இங்கு கவனிக்கத்தக்கது. அங்கு விமானங்கள் தரையிறங்கும் முறை ஜி.பி.எஸ். சமிக்ஞையையே நம்பியிருந்தது. குறுக்கீட்டால் விமானங்கள் திரும்பிச்செல்ல நேர்ந்ததை அடுத்து, ஃபின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் 2024 ஏப்ரல் இறுதியில் அந்நகருக்கான சேவையை ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. தரையிலுள்ள கருவிகளைப் பயன்படுத்தும் மாற்று முறை ஏற்பாடு செய்யப்பட்ட பின்னரே சேவை மீண்டும் தொடங்கியது.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. டெல்லி விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றை ஜி.பி.எஸ். வழியாக நெருங்கிய சில விமானங்கள் போலிச் சமிக்ஞைகளை எதிர்கொண்டதாக 2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சென்னை, பெங்களூர், ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, அமிர்தசரஸ் ஆகிய இடங்களிலிருந்தும் இத்தகைய குறுக்கீடு குறித்த தகவல்கள் வந்திருப்பதாகவும் அரசு கூறியது. வழக்கமான தரைக்கருவிகளைக் கொண்ட மற்ற ஓடுபாதைகளின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்பதும் அந்தப் பதிலில் இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியில்தான் இந்த விவாதத்தின் மையம் இருக்கிறது.

யாருடைய செயற்கைக்கோள்?

குறுக்கீட்டுக்கு அப்பால் ஓர் அரசியல் கேள்வியும் உண்டு. ஐ.எல்.எஸ். கருவி ஒரு நாட்டின் சொந்த நிலத்தில் இருப்பது. அந்நாட்டின் பொறியாளர்களே அதைப் பழுது பார்க்கலாம். செயற்கைக்கோள் சேவையோ பெரும்பாலான நாடுகளுக்குப் பிறரிடமிருந்து பெறுவது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டன், 2021 ஜூன் 25-ஆம் தேதி முதல் எக்னாஸ் அமைப்பின் விமானப் பாதுகாப்புச் சேவையை இழந்தது. சமிக்ஞை பிரிட்டனின் வானில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை நம்பித் தரையிறங்குவதற்கான உடன்பாடு காலாவதியாகிவிட்டது. பாதிக்கப்பட்டவை ஹீத்ரோ போன்ற பெரிய நிலையங்கள் அல்ல. தொலைதூரத் தீவுகளுக்கும் மலைநாட்டுக்கும் சேவை அளிக்கும் சிறிய நிலையங்களே.

இந்தியாவின் அண்டை நாடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. ககன் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை இந்திய எல்லையோடு நின்றுவிடுவதில்லை; இலங்கை உட்படப் பரந்த பரப்பை அது எட்டுகிறது. ஆனால் சமிக்ஞை எட்டுவது வேறு, அதை நம்பி மேகத்துக்குள் இறங்கலாம் என்ற சான்றும் உத்தரவாதமும் எட்டுவது வேறு. அதற்குத் தரை நிலையங்களும், அரசுகளுக்கிடையிலான உடன்பாடும், எதிர்பாராதது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற தெளிவும் வேண்டும்.

இரண்டும் வேண்டும்

இவற்றையெல்லாம் வைத்து, செயற்கைக்கோள் முறை தோற்றுவிட்டதாகக் கொள்வது சரியாகாது. ஐ.எல்.எஸ். முறையும் குறையற்றதல்ல. 1978 நவம்பரில் கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிய ஐஸ்லாந்து நாட்டு விமானம் விழுந்து 183 பேர் உயிரிழந்தபோது, இலங்கை விசாரணையாளர்கள் விமானிகளின் தவறைச் சுட்டினார்கள். ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த கருவிகளின் குறைபாட்டைச் சுட்டியது. எந்தக் கருவியும் பராமரிப்பையும் பயிற்சியையும் பொறுத்தே பயன் தருகிறது.

உயர வழிகாட்டல் ஏதும் இல்லாமல் தரையிறங்குவதைவிட, செயற்கைக்கோளின் துணையோடு தரையிறங்குவது பாதுகாப்பானது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. கருவி வழியில் விமானங்கள் இறங்கும் ஓடுபாதை முனைகள் அனைத்திலும் உயர வழிகாட்டலுடன் கூடிய அணுகுமுறை வேண்டும் என்று ஐகாவோ பேரவை 2010-இலேயே தீர்மானித்தது. அதே பேரவை 2025 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மாண்ட்ரியலில் கூடியபோது, செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் குறுக்கிடுவதற்காக ரஷ்யாவைக் கண்டித்தது. புதிய முறையை ஊக்குவித்த மன்றமே அதன் பலவீனத்தையும் விவாதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது.

எனவே, தரைக்கருவிகளில் ஒரு குறைந்தபட்சத் தொகுதியைத் தொடர்ந்து பராமரிப்பது என்ற கொள்கையை இந்தியா உட்பட நாடுகள் கடைப்பிடிக்கின்றன. இரண்டு அலைவரிசைகளில் இயங்கி அயனி மண்டலத் தாமதத்தைத் தாமே அளந்துகொள்ளும் அடுத்த தலைமுறைக் கருவிகள் காந்த நடுக்கோட்டுப் பகுதிக்குப் பெரிதும் உதவும். சமிக்ஞையின் உண்மைத் தன்மையைச் சரிபார்க்கும் வழிகளும் உருவாகி வருகின்றன.

ஆனால் கொள்கையளவில் எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கிறது. டெல்லி, சென்னை போன்ற பெரிய நிலையங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை பொய்த்தாலும் ஐ.எல்.எஸ். இருக்கிறது. புதிய முறை யாருக்கு மிகவும் தேவையோ, அந்தச் சிறிய நிலையங்களில் அத்தகைய இரண்டாவது வழி பல வேளைகளில் இருப்பதில்லை. அங்கு செல்லும் விமானம் எரிபொருளைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு வேறு நகருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அல்லது டார்டுவைப் போல, சேவையே நின்றுபோகும்.

ஆகவே, ஒரு சிறிய நகரத்துக்குச் செயற்கைக்கோள் வழித் தரையிறக்கம் அறிவிக்கப்படும்போது, அது எவ்வளவு துல்லியமானது என்பதோடு அந்நகர மக்கள் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியும் இருக்கிறது. வானிலிருந்து வரும் சமிக்ஞை நின்றுபோகும் நாளில், விமானிக்கு வழிகாட்டத் தரையில் என்ன இருக்கும்?